முறுக்குக் காய் நான்கு

ஓர்வல் ஸ்டிதமின் பெயரில் உலகத்தில் ஒரு செடி இருந்தது. பிள்ளைகுட்டி இல்லை. மனைவி ஓபல் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் பிழைப்புத் தேடி ஒஹாயோவில். ஆனால் செடி ஒன்று இருந்தது. அராபிஸ் ஸ்டிதமி என்று பெயர். கடுகுக் குடும்பம். ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கிற பாறையின் வெடிப்பில் முளைக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அதை இரண்டாவது தடவை கண்டவர் யாருமில்லை.

கண்டே தீருவது என்று தாவரவியல் ஆராய்ச்சியாளர் டாக்டர் ரோவெனா ப்ராட் ஒவ்வொரு மே மாதமும் ஒஹாயோவிலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்தால் இரண்டு வாரம். காலையில் பாறை, மதியத்தில் ஓர்வலின் நிலவறை.

மேற்கு வர்ஜீனியாவின் மலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. அதன் அறிவியல் கட்டடத்துக்கு அடியில் இருந்தது அந்த நிலவறை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, குடும்பம் குடும்பமாக இரும்பு அலமாரியில் அடுக்கிவைக்கிற இடம். ஹெர்பேரியம் என்பார்கள். அந்துருண்டை வாடை ஓர்வலின் சட்டையை விட்டுப் போவதே இல்லை. சுரங்கக் கூரை சரிந்து இடது முழங்கால் போனபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று இங்கே சேர்த்துவிட்டார்கள். இப்போது அறுபத்தேழு. கல்லூரிக்கு வேறு ஆள் தேட மனமில்லை, அவருக்குப் போக வேறு இடமில்லை. அரை நாள் வேலையாக ஓடிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். வெளியே அலைகிறவர்கள் செடியைப் பிடுங்கி, பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, பலகையில் இறுக்கிக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். ஓர்வல் அதைக் கெட்டித் தாளில் கிடத்தி, கோதுமை மாவுப் பசை தொட்டு ஒட்டி, மேலே ஈயக்குண்டு நிரப்பிய துணிப்பையைப் பாரமாக வைப்பார். கீழ் மூலையில் விவரச்சீட்டு. உதிர்ந்த இலை, விதை, காய் எல்லாம் ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் போய்விட வேண்டும். அந்தப் பொட்டலத்தையும் தாளிலேயே ஒட்டிவிடுவார். உதிர்ந்ததைத் திரும்பச் செடியில் சேர்க்கக் கூடாது. அது கண்டிப்பு.

அந்தக் கண்டிப்பை அவர் ஒரே ஒரு தடவை மீறியிருந்தார். 1951-இல், சேர்ந்த முதல் வருடம்.

மழையில் நனைந்து வந்த மூட்டைகள் அன்று மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. நிலவறைக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் கின்கேடுக்கு மொட்டைச் செடியைக் கண்டால் முகம் சுருங்கும். தாள் நிறைந்திருந்தால் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டு ஓர்வலுக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. மேசையில் நான்கு காய்கள் உதிர்ந்து கிடந்தன. விரல் நகத்தளவு, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டவை. பக்கத்தில் இருந்த செடியின் தண்டில் பூ கொட்டிய வெறும் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. இதிலிருந்துதான் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மயிரிழைத் தூரிகையில் பசை தொட்டு, காம்புக்கு ஒன்றாக நான்கையும் பொருத்தினார். சுரங்கக் கூரைக்கு முட்டுக்கட்டை பொருத்திப் பழகிய கை. பொருத்திய இடம் தெரியவில்லை.

செடி வந்த செய்தித்தாளின் ஓரத்தில், பறித்த மாணவன் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தான். ஓர்வலுக்கு அப்போது எழுத்துத் தெரியாது. எல்லாச் செய்தித்தாளையும் போல அதுவும் அடுப்புக்குப் போயிற்று.

இரண்டு வருடம் கழித்துப் பேராசிரியர் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். பூதக்கண்ணாடி கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஓர்வல், இலையைப் பாத்தா ஒரு வீட்டுப் பிள்ளை. காயைப் பாத்தா இன்னொரு வீட்டுப் பிள்ளை. இது யாருய்யா?"

"எனக்கென்ன தெரியும் ஐயா. ஒழுங்கா ஒட்டியிருக்கேனா?"

"ஒட்டினதுல குறையே இல்ல."

புது இனம் என்று அச்சில் வந்தது. ஆயிரக்கணக்கான தாள் ஒட்டியவருக்கு மரியாதையாக அவர் பெயரையே வைத்திருந்தார் பேராசிரியர். அந்தப் பக்கத்தை ஓபல்தான் படித்துச் சொன்னாள். படித்துவிட்டு வீட்டு பைபிளை எடுத்தாள். அதன் முன்பக்கத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று குடும்பத்துக்காகக் கோடு போட்டு விட்டிருப்பார்கள். பிறப்புப் பக்கம் பன்னிரண்டு வருடமாக வெறுமையாகவே இருந்தது. அச்சுத்தாளை மடித்து அங்கே வைத்தாள்.

"ஆணா பொண்ணான்னு தெரியல. ஆனா பேரு நம்ம பேரு" என்றாள்.

ஓபல் போன பிறகு வருகிற கடிதத்தைப் படித்துக்காட்ட ஆளில்லாமல், நாற்பத்தைந்து வயதில் ஓர்வல் எழுத்துப் பழகினார். பள்ளிக்கூடம் செடிச்சீட்டுதான். மாவட்டப் பெயர், ஆற்றின் பெயர், தேதி என்று வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும். ஒட்ட ஒட்டப் பிடிபட்டது. மாவு மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்குமுன் லத்தீன் படித்தவர் அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எழுத்துத் தெரிந்ததுதான் வினையாகவும் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் குழாய் ஒழுகி ஓர் அலமாரி நனைந்துவிட்டது. ஒவ்வொரு தாளாக எடுத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். ட்ராபா என்று ஒரு செடி. அதுவும் கடுகுக் குடும்பம்தான், ஆனால் வேறு கிளை. தண்டு நிறைய முறுக்குக் காய். சீட்டைப் படித்தார். அவர் பெயர்கொண்ட செடியைப் பறித்த அதே நாள், அதே பாறை, அதே மாணவன், பறித்த வரிசையில் அடுத்த எண். தண்டின் அடியில் காய் முறிந்த காம்புகள் தெரிந்தன. எண்ணினார். நான்கு.

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மழையில் நனைந்த மூட்டைகளும் மேசையில் உதிர்ந்து கிடந்த காய்களும் அடுப்பில் சுருண்ட செய்தித்தாளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தன் பெயரில் ஒரு செடி இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது தானே பசை போட்டுச் செய்த பொம்மை.

சொல்லியிருக்கலாம். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார். பைபிளில் மடித்து வைத்த தாள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்த இரண்டு வாரம். மீதி ஐம்பது வாரமும் அவர் வாயைத் திறப்பது கடைக்காரரிடமும், மாடிப்படி கூட்டுகிறவரிடமும்தான். அதுவும் மழை வருமா என்கிற அளவுக்கு. மே மாதம் மட்டும் எதிர்நாற்காலியில் ஒரு ஆள். செடி இல்லை என்று சொன்னால் அந்த ஆளும் இல்லை. ஏப்ரல் கடைசியிலேயே அந்த நாற்காலியைத் துடைத்து வைத்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ரோவெனா பாறையில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டபோதுகூட அவர் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த வருடம் ரோவெனா கைத்தடியோடு வந்தார். படியில் தடி தட்டுகிற சத்தம் முதலில் வந்தது, பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"உங்க பேர்ல இருக்கறது இன்னும் தலை காட்டலையா ஓர்வல்?"

"எங்கிட்ட சொல்லிட்டா போகுது டாக்டரம்மா."

"உங்களை மாதிரிதான் அதுவும். ஆள் வந்தா சந்துக்குள்ள ஒளிஞ்சுக்குது."

அறுபது வயதுக்காரர். வெயிலில் வெந்து தோல் உரிந்த மூக்கு. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். ஓர்வல் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் டிபன் டப்பாவைத் திறந்து சோள ரொட்டியை மோரில் பிசைந்தார்.

"இதைப் பாக்கறப்போல்லாம் எங்கப்பா கன்னுக்குட்டிக்கு வைக்கிற தீனி ஞாபகம் வருது" என்றார் ரோவெனா.

"கன்னுக்குட்டி எதுவும் பாறையில இருந்து விழல டாக்டரம்மா."

ரோவெனா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலவறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பதினோரு மாதமாக அங்கே யாரும் சிரித்திருக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நீளமான காகிதச் சுருளை மேசையில் விரித்தார். கடுகுக் குடும்பத்தின் வம்சமரம். எந்த இனம் எந்த இனத்திலிருந்து பிரிந்தது, யார் யாருக்குப் பங்காளி என்று பன்னிரண்டு வருடமாக வரைந்து திருத்தி வரைந்தது. அராபிஸ் ஒரு பக்கம், ட்ராபா ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு ஒன்று. அந்தக் கோட்டின் நுனியில் ஓர்வலின் பெயர்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிற சாட்சி இது ஒண்ணுதான். உயிரோட ஒரு செடி, அதுல காயோட. கையில கிடைச்சா இந்தப் புள்ளிக்கோட்டை மைக்கோடா ஆக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். இந்த ஜூனோட எனக்கும் வேலை முடியுது."

"இன்னும் எங்க பாக்கணும்?"

"வடக்குமுகம். ரயில் பாலத்துக்குக் கீழ. மேல இருந்து கயிறு கட்டித்தான் இறங்கணும். திங்கக்கிழமை போறேன்."

"கூட யாரு?"

"யாரு வரா? பசங்களுக்கெல்லாம் இப்ப ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாயும்தான். பாறையைக் காட்டினா என்னைப் பாவமாப் பாக்கறாங்க. முதல்ல எங்க வீட்டுக்காரரு ஏமாத்தினாரு, அவரு எட்டு வருஷத்துல நிறுத்திட்டாரு. உங்க செடிதான் பன்னெண்டு வருஷமா விடாம ஏமாத்துது."

ஓர்வல் மேசைக்கடியில் பார்த்தார். ரோவெனாவின் வலது கணுக்கால் சப்பாத்துக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்தது. சரியாகக் கூடாத எலும்பு. அவருக்கு அது தெரியும். தன் முழங்காலும் அப்படித்தான். அந்தக் காலோடு கயிற்றில் ஆள் தொங்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வடக்குமுகப் பாறை மழைக்காலத்தில் ரொட்டி மாதிரி உதிரும்.

டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து மூடினார்.

"திங்கக்கிழமை போகாதீங்க."

"ஏன், மழையா?"

"செடி அங்க இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கயும் இல்ல டாக்டரம்மா. அது நான் ஒட்டினது."

"இந்தக் கட்டடத்துல எல்லாத்தையும் நீங்கதான் ஒட்டினீங்க."

"அப்படி இல்ல."

அவர் எழுந்து போய் சிவப்பு உறையை எடுத்துவந்தார். ஒரு பெயர் எந்தத் தாளைப் பார்த்து வைக்கப்பட்டதோ அந்தத் தாளைச் சிவப்பு உறையில்தான் வைப்பார்கள். மூலத்தாள் என்பார்கள். அனுமதி எழுதி வாங்காமல் அதில் யாரும் கை வைக்க முடியாது. ஓர்வல் காப்பிக் கெண்டியிலிருந்த வெந்நீரில் தூரிகையை நனைத்தார்.

"மூலத்தாள் அது. கை வைக்காதீங்க ஓர்வல்."

கை வைத்தார். ஒரே ஒரு சொட்டு. கோதுமைப் பசைக்கு வெந்நீர் பட்டால் பழைய ஞாபகம் வந்துவிடும். பசை இளகட்டும் என்று தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு சாமணத்தின் முனையால் தொட்டார். முறுக்குக் காய் வழுக்கிக்கொண்டு தனியாக வந்தது. அதன் கீழே, காம்பின் நுனியில், பூ கொட்டிய வட்டத் தழும்பு மட்டும் இருந்தது. அந்தக் காம்பில் காய் என்று ஒன்று ஒருநாளும் பிடித்திருக்கவில்லை.

ரோவெனா லென்ஸை எடுத்துக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. ஓர்வல் கேட்காமலே அந்த ட்ராபா தாளையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, முறிந்த நான்கு காம்புகளை விரலால் காட்டினார். ரோவெனா அதையும் பார்த்தார். கழன்ற காயை எடுத்து முறிந்த காம்பில் வைத்துப் பார்த்தார். சாவி பூட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சு வருஷமா."

"என் கால் உடைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"ஆமா."

அந்துருண்டை வாடை அன்றைக்குத்தான் புதிதாக அடிப்பது போலிருந்தது. ரோவெனா லென்ஸை மடித்தார், விரித்தார், மடித்தார்.

"ஏன் சொல்லல?"

பைபிளைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "நீங்க அப்புறம் வரமாட்டீங்கன்னு" என்றார்.

"நான் செடியைப் பாக்கத்தான் வந்தேன், ஓர்வல்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் இருப்பதைப் படிப்பது போலச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஓர்வலுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

செடிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஒருவர் தப்பாகப் பெயர் வைத்திருந்தால் அந்தச் சீட்டைக் கிழிப்பதில்லை, அடிப்பதுமில்லை. தன் அபிப்பிராயத்தைச் சின்னச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, அதே தாளில் பக்கத்தில் ஒட்டச் சொல்வார்கள். ரோவெனா பையிலிருந்து சீட்டு எடுத்து, பேனாவால் எழுதினார். எழுதி முடித்து அவர் பக்கம் தள்ளினார். ஒட்டுவது ஓர்வலின் வேலை.

அவர் உதடு அசையப் படித்தார். காய்கள் நான்கும் ட்ராபாவினுடையவை, ஒட்டும்போது கலந்தவை. செடி ஏற்கெனவே பெயர் உள்ள பழைய இனமே. ரோவெனா ப்ராட், மே 1986.

"கலந்ததுன்னா தானாக் கலந்த மாதிரி இருக்கு" என்றார். "நான் ஒட்டினேன்னு போடுங்க."

காய் கழன்ற பிறகு ரோவெனா முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். சீட்டை வாங்கி இன்னொரு வரி சேர்த்தார். ஒட்டியவர், ஓ. ஸ்டிதம்.

ஓர்வல் பசை தடவினார். சீட்டை நேராக வைத்து, மெழுகுத்தாள் போட்டு, ஈயப்பையை ஏற்றினார். கழன்ற காயைப் பொட்டலத்தில் போட்டார். மீதி மூன்றும் இருந்தபடியே இருக்கட்டும் என்று ரோவெனா சொல்லிவிட்டார். பெயர் செத்தாலும் மூலத்தாள் மூலத்தாள்தான், சிவப்பு உறையிலேயே கிடக்கும்.

காகிதச் சுருளைச் சுருட்டிக்கொண்டு ரோவெனா எழுந்தார். படியில் தடி தட்டுகிற சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடியும் போயிற்று. கோப்பையில் காப்பி பாதி இருந்தது. அது ஆறி ஆடை படிகிற வரைக்கும் ஓர்வல் அதை எடுக்கவில்லை.

இலை உதிர்கிற காலத்தில் ரோவெனாவின் கட்டுரை அச்சாகி வந்தது. பழைய இனத்தின் பெயருக்குக் கீழே, அதற்குச் சமம் என்று குறி போட்டு, சாய்ந்த சின்ன எழுத்தில் ஓர்வலின் பெயர் கொண்ட செடிப்பெயரும் இருந்தது. செத்த பெயர்களை இப்படித்தான் மூத்த பெயருக்கு அடியில் படுக்கவைப்பார்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பைபிளில் இறப்புப் பக்கத்தைத் திறந்தார். அங்கே ஓபலின் பெயர் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருப்பி, பழைய தாள் இருந்த பக்கத்திலேயே இதையும் வைத்து மூடினார்.

அடுத்த மே மாதத்தில் யாரும் வரவில்லை. நாற்காலியை அவர் துடைக்கவில்லை என்றில்லை. துடைத்தார். சோள ரொட்டியைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். முழங்கால் அந்த வருடம் ரொம்பப் படுத்திற்று.

ஜூன் நடுவில் தபாலில் ஒரு கட்டு வந்தது. ஒஹாயோ முத்திரை. பிரித்தார். செய்தித்தாள் மடிப்புக்குள் காய்ந்த செடிகள், பத்தொன்பது. சமதரையில், சாலையோரத்தில் வளர்கிற சாதாரணக் கடுகுச் செடிகள். கைத்தடியோடு நடக்கிறவர் குனிந்து பறிக்கக்கூடியவை. கடிதம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாக உதறிப் பார்த்தார். இல்லை.

ஆனால் ஒவ்வொரு செய்தித்தாளின் ஓரத்திலும் பென்சிலால் எழுதியிருந்தது. கூட்டெழுத்து இல்லை, தாமதமாக எழுத்துப் பழகியவரும் ஒரே பார்வையில் படிக்கிற மாதிரி பெரிய பெரிய தனி எழுத்து. காய் உண்டு, ஆறு. காய் உண்டு, பதினொன்று. காய் உண்டு, இரண்டு, ஒன்று உடைந்தது.

குத்திக்காட்டுகிறாரா, நம்பி அனுப்பியிருக்கிறாரா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டும் இருக்கலாம். பசை கரைத்தார். ஓரத்தைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு ஒட்டினார். அந்த அறையில் அவர் குரலை அவரே கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

கடைசி மடிப்பில், காய் இல்லை, பூ மட்டும் என்று இருந்தது. தண்டின் அடியில் வெறும் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேசையில் எதிலிருந்தோ உதிர்ந்த காய் ஒன்று கிடந்தது. அதைச் சாமணத்தால் எடுத்து, பக்கத்துச் செடிகளின் ஓரங்களை மறுபடி படித்து, எண்ணிக்கை குறைந்திருந்த தாளின் பொட்டலத்தில் போட்டார். பூச்செடியை மொட்டைக் காம்போடு அப்படியே ஒட்டி, பாரம் வைத்தார்.

செய்தித்தாள்களை அடுப்புக்குக் கொண்டுபோகவில்லை. பத்தொன்பதையும் ஓரம் ஓரமாக அடுக்கி, நான்காக மடித்து, எதிர்நாற்காலியின் மேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.